வழி தெரிந்த பள்ளிகள்

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியவை பிறகு யார் கைக்குப் போயின என்பதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. வில்லியம் ஆஃப் விக்கம் என்ற ஆயர் 1379இல் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜையும், அதற்கு மாணவர்களை அனுப்புவதற்காகவே 1382இல் வின்செஸ்டர் நகரில் ஒரு பள்ளியையும் நிறுவினார். அதே மாதிரியில் ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் ஈட்டன் பள்ளியையும், மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியையும் தொடங்கினார். கிங்ஸில் சேர ஒரே வாசல் ஈட்டன்தான். ஆண்டுதோறும் கோடையில் கிங்ஸ் கல்லூரித் தலைவர் ஈட்டனுக்கு வந்து, தேர்வு நடத்தி, மாணவர்களை வரிசைப்படுத்திவிட்டுப் போவார். வரிசையில் முதலாவதாக நின்றாலும் உடனே இடம் கிடைத்துவிடாது. கிங்ஸில் யாராவது இறக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், அல்லது தேவாலயப் பணி ஏற்றுக் கிளம்ப வேண்டும். அதற்குள் 19 வயதைத் தாண்டியவனுக்குக் கதவு அடைபட்டது. உள்ளே போனவனுக்கோ பட்டம் வாங்கப் பல்கலைக்கழகத் தேர்வுகூடத் தேவையில்லை. அந்தச் சலுகை 1851 வரை நீடித்தது. ஈட்டனில் படிக்காத மாணவர் ஒருவர் முதன்முதலாகச் சேர்ந்தது 1865இல்.

விதி போனதோடு சலுகையும் போயிருக்க வேண்டும். போகவில்லை, பாடத்திட்டத்துக்குள் புகுந்துகொண்டது. கேம்பிரிட்ஜ் 1919 வரையும் ஆக்ஸ்ஃபோர்ட் 1920 வரையும் கிரேக்கத்தைக் கட்டாயமாக வைத்திருந்தன. கிரேக்க வாத்தியாரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள எத்தனை சாதாரணப் பள்ளிகளால் முடியும்? லத்தீன் கட்டாயம் 1960 வாக்கில்தான் தளர்ந்தது. நுழைவுத்தேர்வும் அப்படித்தான். பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிறகு இன்னொரு பருவம் பள்ளியிலேயே தங்கி அதற்குத் தயாராகும் வழக்கம் இருந்தது. அந்தக் கூடுதல் மாதங்களுக்கு ஆசிரியரும் பணமும் தனியார் பள்ளிகளிடம் தாராளமாக இருந்தன. கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கான தயாரிப்பு ஒன்றல்ல.

இந்தப் பள்ளிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கின்றன, அவர்கள் எங்கே படித்திருந்தாலும் இடம் பிடித்திருப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. சேர்க்கும்போதே சலித்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி இறுதித் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களை ஒப்பிட்டது. பல்கலைக்கழகப் பட்டத்தில் நல்ல வகுப்பு வாங்கியவர்கள் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களிடையேதான் அதிகம். தனியார் பள்ளி மாணவரின் மதிப்பெண்ணில் பயிற்சி ஏற்றிவிட்ட பங்கும் இருக்கிறது என்பதைத் தவிர இதை வேறெப்படி விளக்குவது?

காலம் மாறிவிட்டது, இன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சேரும் உள்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிக்காரர்கள்தானே என்பார்கள். சரிதான். ஆனால் அவர்கள் எந்த அரசுப் பள்ளிக்காரர்கள்? சட்டன் டிரஸ்ட் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று ஆண்டுகளில் வெறும் 8 பள்ளிகளிலிருந்து இவ்விரு பல்கலைக்கழகங்களுக்கும் போனவர்கள் 1,310 பேர். வேறு 2,894 பள்ளிகளிலிருந்து 1,220 பேர். அந்த எட்டில் ஆறு தனியார் பள்ளிகள், ஈட்டனும் உண்டு. கட்டணம் வாங்காத மற்ற இரண்டில் ஒன்று இருப்பது கேம்பிரிட்ஜ் நகரத்திலேயே. இன்னொன்று, விக்கம் ஆயர் பள்ளி கட்டிய அதே வின்செஸ்டரில்.