செய்மதியும் துவிச்சக்கரவண்டியும்: பாதைப் பதிவின் வரலாறு

பாதையைப் பற்றிய அறிவு யாருக்குரியது? தேசப்பட வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினா மீண்டும் மீண்டும் எழக் காணலாம். நிலத்தை அரசுகள் அளந்தமைக்குப் படைத் தேவை ஒரு முக்கிய காரணமாயிற்று. 1791இல் தோன்றிய பிரித்தானிய நிலவளவை நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வே, படைக்கலத்தைக் குறிக்குஞ் சொல்லை இன்றும் தன் பெயரிலே தாங்கி நிற்கின்றது. அவ்வாறு ஆக்கப்பட்ட அறிவில் சாதாரண பயணியும் தன் பங்கைக் கோரிய வரலாற்றிலே துவிச்சக்கரவண்டிக்குத் தனியிடமுண்டு.

1878இல் இங்கிலாந்தின் ஹரோகேற் நகரிலே துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. உயர்ந்த முன்சில்லின்மீது அமர்ந்து சென்ற அக்கால ஓட்டுனருக்கு, ஊரின் பெயரும் தூரமும் மட்டும் போதுமானவையல்ல. ஏற்றம் எத்தகையது, இறக்கம் ஆபத்தானதா, இரவு தங்க விடுதி உண்டா என்பனவும் அவர்க்கு வேண்டியிருந்தன. கழகம் செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகைகளை நாட்டியது. பாதை நூல்களை வெளியிட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்தலோமியு நிறுவனத்தாரின் தேசப்படங்களுக்குக் கழக உறுப்பினர் திருத்தங்கள் அனுப்பி உதவினர். மிதித்துச் சென்றவர் கண்டறிந்தது அடுத்து வருபவர்க்கு வழிகாட்டியாயிற்று. இன்றைய பாதைப் பகிர்வின் வேர் இதுவேயெனலாம்.

ஆயின் இப்பகிர்வுக்குப் புதிய வடிவத்தை அளித்த கருவியோ படைத்துறையிலிருந்து வந்தது. ஜி.பி.எஸ். தொகுதியின் முதற் செய்மதியை ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1978இல் ஏவியது. 1983 செப்டெம்பர் 1ஆந் திகதி, சோவியத் வான்பரப்பினுள் வழிதவறிய தென்கொரியப் பயணிகள் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். இதனையடுத்து, இத்தொகுதி குடிசார் பயன்பாட்டுக்கும் வழங்கப்படுமென றேகன் நிர்வாகம் அறிவித்தது. எனினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையிலே வேண்டுமென்றே வழு புகுத்தப்பட்டிருந்தது. அது 100 மீற்றர் வரை அமையலாம். அத்தகைய வழுவுடன் வரையப்படும் கோடு, அருகருகே கிடக்கும் இரு தெருக்களுள் ஓட்டுனர் எதனூடு சென்றார் என்பதைக் காட்டமாட்டாது. 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டனின் முடிவினால் இவ்வழு நீக்கப்பட்டமை ஒரு திருப்புமுனையாகும்.

ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் வலம்வரும் செய்மதிகளுள் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்தடைந்த நேரங்களைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணிக்கின்றது. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியின் இடம் செக்கனுக்கொருமுறை பதியப்படின், 5 மீற்றருக்கு ஒரு புள்ளியாக ஒரு மணித்தியாலத்தில் 3,600 புள்ளிகள் சேரும். 2002இல் அறிமுகமான ஜி.பி.எக்ஸ். என்னும் பொதுக் கோப்பு வடிவம், ஒருவர் கருவியிற் பதிந்த பாதையை வேறொரு நிறுவனத்தின் கருவியைக் கொண்டிருப்பவரும் பயன்படுத்த வழிசெய்தது.

2004இல் ஸ்டீவ் கோஸ்ற் என்பார் பிரித்தானியாவிலே தொடங்கிய ஓப்பன்ஸ்றீற்மப் திட்டம் இதன் பயனை நன்கு உணர்த்துகின்றது. அரச நிறுவனத்தின் தேசப்படத் தரவுகள் அக்காலத்திற் கட்டணத்துக்கும் உரிமக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. எனவே தொண்டர்கள் தாமே வீதிகளிற் சென்று, தம் தடங்களைப் பதிந்து, புதியதொரு தேசப்படத்தை ஆக்க முற்பட்டனர். 2006 மே மாதம் ஒரு வார இறுதியில் வைற் தீவில் ஒன்றுகூடி அத்தீவின் வீதிகளைப் பதிந்தனர். மரச்செறிவும் உயர்ந்த கட்டடங்களும் ஒரு தடத்தைப் பிறழச் செய்யலாம். பல தடங்கள் ஒன்றன்மேலொன்று படியும்போது உண்மையான வீதி புலப்படும். தனியொருவர் வழுவைப் பலரின் உழைப்பு திருத்துகின்றது. 2010 ஏப்ரலில் ஓட்னன்ஸ் சேர்வேயும் தன் தரவுகளுள் ஒரு பகுதியைக் கட்டணமின்றி வெளியிட்டது.

இவ்வரலாற்றுக்கு மறுபுறமும் உண்டு. 2009இல் ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா நிறுவனம், துவிச்சக்கரவண்டி ஓட்டுனர் தம் தடங்களைப் பதிந்து ஒப்பிடும் களமாக வளர்ந்தது. 2017 நவம்பரில் அது தன் பயனாளரின் தடங்களை ஒன்றுதிரட்டி, ஒளிக்கோடுகளாலான உலகப் படமொன்றை வெளியிட்டது. பெயர்கள் அதில் இல்லை. எனினும் 2018 ஜனவரியில், ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட நிலப்பரப்புகளிடையே படைமுகாம்களின் உள்வழிகள் ஒளிர்வதை அவதானித்தோர் வெளிப்படுத்தினர். படையினர் தம் உடற்பயிற்சியைப் பதிந்ததன் விளைவே அது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படை நடவடிக்கைப் பிரதேசங்களில் இத்தகைய இடங்காட்டும் வசதிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. படைக்கென ஆக்கப்பட்ட கருவி, பொதுமக்களிடம் சென்று மீண்டு, படையின் மறைவிடத்தையே காட்டிக்கொடுத்தது.

வல்லரசின் படைக்கு நேர்ந்தது தனிமனிதர்க்கும் நேரக்கூடியதே. நாள்தோறும் பதியப்படும் தடம் பெரும்பாலும் ஓட்டுனரின் வீட்டு வாயிலிலே தொடங்கி அங்கேயே முடிகின்றது. அவர் வீட்டில் இல்லாத நேரத்தையும் அது கூறிவிடும். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதிகள் தோன்றியமை இதனாலேயாம். பழைய கழகத்தின் ஓட்டுனர் தாம் கண்ட பாதையைப் பற்றியே எழுதினர். இன்றைய கருவியோ பாதையோடு ஓட்டுனரையும் சேர்த்து எழுதுகின்றது. ஆதலின் பாதையறிவைப் பொதுவுடைமையாக்குவோர், தம்மைப் பற்றிய அறிவை எவரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். பாதை யாவர்க்கும் உரியது. அதிற் சென்றவரின் நாளாந்த வாழ்வு அவருக்கே உரியது.