ஜிம் தாம்ப்சன் மறைவு (1967)

மலேசியாவின் கேமரன் மலையில் அமெரிக்கப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சன் காணாமல்போன, இன்றுவரை துப்புத் துலங்காத வழக்கு. நீலகிரியைப் போலவே கேமரன் மலையும் ஆங்கிலேயர் உருவாக்கிய கோடைவாசத்தலம். அங்கே 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

1906இல் பிறந்த தாம்ப்சன், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுத்துறையில் பணியாற்றியவர். பின்னர் பாங்காக்கில் குடியேறி, நலிந்துகிடந்த தாய்லாந்துப் பட்டு நெசவை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகல். கேமரன் மலையில், நண்பர்களின் ‘மூன்லைட்’ பங்களாவில் எல்லோரும் ஓய்வெடுக்கையில் அவர் தனியே வெளியேறினார். சிகரெட்டும் மாத்திரைப் பெட்டியும் அங்கேயே கிடந்தன. சற்று உலாவிவிட்டுத் திரும்பும் எண்ணம்தான் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

போலீசாரும் படைவீரர்களும் ஒராங் அஸ்லி பழங்குடியினரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினர். ஒரு தடயமும் சிக்கவில்லை. தனிப்பட்ட முறையில் துப்பறிய வந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் நூன். பழங்குடியினரை நன்கறிந்த அவருடைய அண்ணன் பாட் நூனும் 1943இல் மலாயாக் காட்டில்தான் மறைந்தார். தாம்ப்சன் காட்டுக்குள் இல்லை என்பதே ரிச்சர்ட் நூனின் முடிவு. ஞானதிருஷ்டிக்காரர் பீட்டர் ஹுர்கோஸ் கடத்தல் என்றார். அதற்கு ஆதாரம் கிடையாது. காட்டைப் படித்தறிந்த ரிச்சர்ட் நூனின் கூற்றுக்கே மதிப்பு அதிகம். 1974இல் தாம்ப்சன் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.