வேருக்கு ஒரு காவல்

கூடலூரை அடுத்த ஓவேலியின் பெயருக்குத் தமிழ் அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே காப்பி பயிரிட்ட ஆக்டர்லோனி குடும்பத்தாரின் பெயரிலுள்ள முதலெழுத்தும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கூடி அப்பெயர் அமைந்தது. அந்தப் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னிட்டே, பூசண நோயோடு மனிதன் நடத்திவரும் போராட்டத்தின் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

1869ஆம் ஆண்டில் இலங்கையில் காப்பிச் செடியின் இலைகளில் துருநோய் தோன்றியது. சில ஆண்டுகளில் தென்னிந்திய மலைத்தோட்டங்களிலும் அது பரவிற்று. 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பெற்ற மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் ஈராண்டுக் காலம் அந்நோயை ஆராய்ந்தார். காற்றில் பறந்துவரும் நுண்வித்து, இலைமேல் ஈரம் இருந்தாலன்றி முளைப்பதில்லை. முளைத்து இலைக்குள் புகுந்துவிட்டாலோ மருந்து அதனை எட்டுவதில்லை என்று கண்டார். காவல் முன்னதாகவே இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் கையில் தக்க மருந்து இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைப் பிரான்ஸ் நாட்டு மில்லார்டே உலகறியச் செய்தது 1885இல்தான். அதற்குள் இலங்கையின் காப்பித் தொழில் சாய்ந்துவிட்டது.

காப்பி இருந்த மலைகளில் தேயிலை பெருகியது. ஓவேலிக்கு அண்மையிலுள்ள தேவர்சோலையில் 1926இல் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. (1963இல் அது ஆனைமலைப் பகுதிக்கு மாறிற்று.) 1946இல் தேயிலையின் கொப்புள நோய் தென்னாட்டில் புகுந்தபோது, கொழுந்தைக் காத்தது செம்பு மருந்தே. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் செம்பைத் தெளித்தனர். செம்பு மட்கி மறையும் பொருளன்று. மழையோடு இறங்கி மண்ணில் தங்குவது. மருந்து என்றால் இலைமேல் தெளிப்பது என்ற எண்ணம் மலைநாட்டில் வேரூன்றியது இப்படித்தான்.

தக்காளியோ அந்த எண்ணத்திற்குக் கட்டுப்படாத பயிர். நாற்றங்காலில் தண்டின் அடி அழுகிக் கொத்துக்கொத்தாய்ச் சாயும் நாற்றழுகலும், காய்க்கும் பருவத்தில் செடி முழுவதையும் வாட்டும் ‘பியூசேரியம்’ வாடல் நோயும் மண்ணிலிருந்தே புறப்படுகின்றன. வாடிய செடியின் தண்டைப் பிளந்தால் நீர் ஏறும் குழல்கள் பழுப்பேறி இருப்பதைக் காணலாம். அப்பூசணத்தின் தடித்த வித்துகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். இலையில் தெளிக்கும் மருந்து இங்கே என்ன செய்யும்?

இதற்கு விடை மண்ணுக்குள்ளேயே இருந்தது. வேரைச் சூழ்ந்த மெல்லிய மண்படலத்தில் நுண்ணுயிர்கள் தனியே திரள்கின்றன என்று 1904இல் ஜெர்மானியரான ஹில்ட்னர் எடுத்துக்காட்டினார். பின்னர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவனும் அவர்தம் மாணாக்கரும் பருத்தி வாடல் நோயைப் பற்றி மேற்கொண்ட ஆராய்ச்சிகள் உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தன. இதனை நம்மவர் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை என்பது என் கருத்து. 1980இல் அமெரிக்காவில் குளோப்பரும் அவர் கூட்டத்தாரும், வேர் வாழ் ‘சூடோமோனாஸ்’ பாக்டீரியா இரும்பைப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரந்து, தீய நுண்ணுயிர்களுக்கு இரும்பு கிட்டாதவாறு செய்வதை விளக்கினர். பகைவனுக்குச் சோறு கிடைக்காமல் செய்யும் முற்றுகை இது.

நீலகிரியின் அடிவாரத்துக் கோயம்புத்தூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இந்தப் பாக்டீரியாவை உழவர் கைக்குக் கொண்டுவந்தனர். வித்யாசேகரனும் அவருடன் உழைத்தவரும், மாக்கல் தூளில் கலந்து உயிரோடு வைக்கும் முறையை 1995இல் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கொண்டைக்கடலையின் வாடல் நோய். 2002இல் ராமமூர்த்தி, ரகுசந்தர், சாமியப்பன் ஆகியோர் தக்காளியையே ஆராய்ந்தனர். பாக்டீரியா முன்னரே குடியேறிய வேரில் வாடல் பூசணம் நுழைய முயன்றபோது, செடியே தற்காப்புப் புரதங்களை மிகுதியாகத் திரட்டிற்று. ஆகவே அப்பாக்டீரியா செய்வது வெறும் முற்றுகையன்று. செடிக்கு முன்னெச்சரிக்கையும் தருகிறது.

செய்முறை எளிது. ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் தூள் என்பது கணக்கு. தக்காளி விதை சிறிது ஆதலால் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும். வயலுக்கு எக்டேருக்கு இரண்டரைக் கிலோவை ஐம்பது கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து இடுவர். எல்லாம் நோய் வருமுன் செய்ய வேண்டியவை. வாடிவிட்ட செடியின் அடியில் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு, ‘இது பயனற்ற தூள்’ என்று பழிப்பவர் பலர். வார்டு காப்பி இலையில் கண்ட உண்மை வேருக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். தூளில் உள்ளது உயிர். நிழலில் வைத்தாலும் சில மாதங்களே தாங்கும். பொட்டலத்தில் அச்சிட்ட நாளைப் பார்த்து வாங்குவது நலம். செம்பு மருந்தோடு கலந்தால் அது மாண்டுபோகும். ஓவேலி போன்ற தென்மேற்கு மழைப் பகுதியில், மூடுபனி நாட்களில் தக்காளி இலையைக் கருக்கும் பின்பருவக் கருகலுக்கு இத்தூளை மட்டும் நம்பியிருக்க இயலாது. அங்கே செம்பு தேவைப்படலாம். அப்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாளியில் சேர்க்காமல், வேருக்குத் தூளை முதலிலும், இலைக்குச் செம்பைச் சில நாள் கழித்தும் தருவது முறை.