சொன்னார், ஆனா யார்கிட்ட?

இன்னைக்கு எபிசோடுல ராஜா இல்லை, போர் இல்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்ச ஒரு இஞ்சினியரோட கதை.

நியூயார்க், 1977. மன்ஹாட்டனில் சிட்டிகார்ப் சென்டர் என்ற 59 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. மனையின் ஒரு மூலையில் ஒரு தேவாலயத்துக்கு இடம் விட வேண்டியிருந்தது. அதனால் கட்டடத்தைத் தாங்கும் பெரிய தூண்களை நான்கு மூலைகளில் வைக்காமல், நான்கு பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் வில்லியம் லெமெஷர்.

1978-ல் அந்தத் தூண்களைப் பற்றி ஒரு மாணவரிடமிருந்து கேள்வி வந்தது. லெமெஷர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நேராக அடிக்கும் காற்றுக்குக் கணக்கு சரி. மூலைவாட்டில் அடித்தால், சில சட்டங்களில் சுமை 40 சதவீதம் கூடுகிறது. போதாததற்கு, வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைச் செலவு குறையும் என்று போல்ட் போட்டு முடித்திருந்தார்கள். அவர் அலுவலகமே ஒப்புக்கொண்ட மாற்றம்தான். அவர் காதுக்கு மட்டும் அப்போது வரவில்லை. ஆட்டத்தைக் குறைக்கும் கருவிக்கு மின்சாரம் நின்றுபோனால், கட்டடத்தையே சாய்க்கக்கூடிய புயல் சராசரியாக 16 வருஷத்துக்கு ஒரு முறை வரும். இது அவர் போட்ட கணக்கு.

வாயை மூடிக்கிட்டு இருக்கலாமா, தற்கொலை பண்ணிக்கலாமான்னு கூட யோசிச்சதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். கடைசியில வங்கிகிட்ட போய்ச் சொன்னார். பேரு போகும், வழக்கு வரும்னு தெரிஞ்சே சொன்னார். இந்த இடத்துல எனக்கு அவர்மேல பெரிய மரியாதை இருக்கு.

வங்கி அவரோடு மல்லுக்கு நிற்காமல் வேலையில் இறங்கியது. ராத்திரி ராத்திரியாக, போல்ட் இணைப்புகளின் மேல் 2 அங்குல எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்தார்கள். செப்டம்பரில் எல்லா என்ற புயல் அந்தப் பக்கமாக நகர்ந்தது. நல்லவேளை, கடலுக்கே திரும்பிப் போய்விட்டது. காப்பீட்டிலிருந்து 20 லட்சம் டாலரோடு விவகாரம் தீர்ந்தது.

கதையை இங்கேயே முடிச்சா அருமையான நீதிக்கதை. ஆனா முடியலை.

சுற்றுவட்டாரத்து மக்களை வெளியேற்ற செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து திட்டம் தயாரானது. அந்த மக்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆபத்து எதுவும் இல்லை என்றுதான் வெளியில் பேச்சு. ஊரின் பெரிய பத்திரிகைகளில் அப்போது வேலைநிறுத்தம் வேறு. 1995-ல் 'தி நியூயார்க்கர்' கட்டுரை வந்த பிறகுதான் ஊருக்கு முழு விஷயமும் தெரிந்தது. 17 வருஷம்!

சொல்லியிருந்தா பீதி கிளம்பியிருக்கும்னு வாதாடலாம். அதுல நியாயமும் இருக்கு. ஆனா இடிஞ்சா யார் தலையில விழுமோ, அவங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?

நாமளும் இதைத்தானே செய்யறோம்? புரொடக்‌ஷன்ல நான் எழுதின கோடுல ஒரு பக் இருக்குன்னா, மேனேஜர்கிட்ட சொன்னதும் மனசு லேசாயிடுது. அதனால பணத்தையோ டேட்டாவையோ இழக்கப்போற யூசர் நினைவுக்கே வர்றதில்லை. கணக்குக் கேட்கக்கூடியவங்ககிட்ட உண்மையைச் சொல்ல தைரியம் வேணும், வாஸ்தவம்தான். ஆனா கேட்கவே தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்றது அதைவிடக் கஷ்டம். லெமெஷர் முதல் படியை ஏறினார். நம்மில் பல பேர் அதுவரைக்கும்கூட வர்றதில்லை. அதனால அவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, நான் எந்தப் படியில நிக்கறேன்னு பார்த்துக்கறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.