டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது?

டிசம்பர் பிறந்தால் நம் குடும்பக் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வலம் வருகிறது. கிறிஸ்துமஸ் முழுவதுமே ரோமானியரின் சிலை வணக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே அது. பிற சமயத்தார் குறித்து ஒன்றைச் சொல்லும்போது நாம் சாட்சி கூறுபவராகிறோம். ஆகவே அதில் எவ்வளவு உறுதியானது என்று பார்த்துவிடுவோம்.

ஈஸா (அலை) அவர்கள் பிறந்த தேதியைக் குர்ஆன் கூறவில்லை. கிறிஸ்தவர்களின் சுவிசேஷங்களும் கூறவில்லை. கி.பி. 200 அளவில் எழுதிய அலெக்சாந்திரியாவின் கிளெமெண்ட், சிலர் ஏப்ரலையும் சிலர் மே மாதத்தையும் கூறியதாகக் குறிக்கிறார். டிசம்பர் 25 அவர் எழுத்தில் இல்லை.

அக்காலத்து ரோமில் டிசம்பர் 17 அன்று சாட்டர்ன் என்னும் தெய்வத்தின் விழா தொடங்கிப் பல நாள் நீடிக்கும். நீதிமன்றங்கள் மூடப்படும். எஜமானர்கள் அடிமைகளுக்கு விருந்தளிப்பர். மெழுகுத்திரிகளும் களிமண் பொம்மைகளும் பரிசாகக் கைமாறும். பின்னர் 274 இல் பேரரசர் ஆரேலியன் 'வெல்லப்படாத சூரியனுக்கு' அந்நகரில் பெருங்கோயில் எழுப்பினார்.

ரோமில் தொகுக்கப்பட்ட 354 ஆம் ஆண்டு நாட்காட்டி நூல்தான் இங்கே முக்கியச் சான்று. அதன் ஒரு பகுதியில் டிசம்பர் 25 'வெல்லப்படாதவனின் பிறந்த நாள்'. அன்று 30 தேரோட்டங்கள். அதே நூலின் வேறொரு பட்டியலில் அதே நாள் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள். இரண்டும் ஒரே ஏட்டில் இருப்பதால் எது எதைப் பின்பற்றியது என்பதில் அறிஞர்கள் இன்றும் பிரிந்தே நிற்கின்றனர். மார்ச் 25 இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணியதே இத்தேதி என்பாரும் உளர்.

அலங்கார மரத்தைப் பற்றி நீண்ட பேச்சே வேண்டாம். அதன் தெளிவான பதிவு 1605 இல், ஸ்ட்ராஸ்பர்க் நகரக் கிறிஸ்தவர் வீடுகளில்தான் கிடைக்கிறது. ஆனால் நார்வேயின் நிலை வேறு. அங்கே பழைய குளிர்கால விழாவான யூலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றியவர் பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹாகோன் என்று அந்நாட்டு மன்னர் வரலாறே கூறுகிறது. பண்டிகையின் பெயர் அங்கே இன்றும் யூல்தான்.

இக்குற்றச்சாட்டை முதலில் எழுப்பியவர்கள் முஸ்லிம்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள் 1659 இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தனர். 1681 இல் அச்சட்டம் நீங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்துப் பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மேதர், சாட்டர்ன் விழாவே இத்தேதிக்குக் காரணம் என்று நூல் எழுதினார். நம் கைப்பேசிக்கு வரும் வாதம் பெரும்பாலும் அவருடையதே.