கைவைக்கப்பட்ட ரிவால்வர்கள்: அசல்தன்மை என்னும் அளவுகோல் குறித்து

பழைய ரிவால்வருக்கு விலை மதிப்பவர்கள் முதலில் தேடுவது, அது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் நிலையைத்தான். நீலப்பூச்சு எவ்வளவு எஞ்சியிருக்கிறது, உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, குழலின் நீளம் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இடையில் யாராவது அரம் போட்டிருந்தால் விலை சரிகிறது. இந்த அளவுகோல் பொருளின் முதல் நாளை மட்டுமே அளக்கிறது. அதன் பிந்தைய வாழ்க்கையைச் சேதக் கணக்கில் எழுதிவிடுகிறது. பின்னாளில் செய்த மாற்றத்தையும் வரலாற்றுச் சான்றாக வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த மாற்றமும் மதிப்புடையது என்று இதற்குப் பொருளல்ல. எதற்காக, எப்போது வெட்டப்பட்டது என்பதைப் பொருளே காட்டிக்கொடுக்கும் அளவுக்குத்தான் அது சான்றாகும்.

சேகரிப்பாளர்களே இந்த விதியை ஓரிடத்தில் தளர்த்தியிருக்கிறார்கள். சிலிண்டரின் அறைகளை முன்னும் பின்னும் திறக்கத் துளையிட்டு, பின்புறமாகத் தோட்டா போடும் அமைப்புக்கு ரோலின் வைட் 1855இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அவருக்குத் துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் கொடுத்து அந்த உரிமையைத் தன்வசம் வைத்திருந்தது. 1869இல் அது காலாவதியாகும்வரை, மருந்தும் குண்டும் தனித்தனியாக இட்டு நிரப்பும் பழைய ரிவால்வர்களோடு மற்ற நிறுவனங்கள் காத்திருக்க நேர்ந்தது. காலாவதிக்கு முந்தைய ஆண்டே ரெமிங்டன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் அனுமதியோடு தன் இராணுவ ரிவால்வர்கள் சிலவற்றை .46 தோட்டாவுக்கு மாற்றியது. தடித்த தோட்டாக்கள் ஆறுக்கு இடம் போதாததால் புதிய சிலிண்டரில் ஐந்து அறைகளே வைக்கப்பட்டன. கோல்ட் நிறுவனத்தில் சார்லஸ் ரிச்சர்ட்ஸ் 1871இல் காப்புரிமை பெற்ற முறை இன்னும் துணிச்சலானது. 1860ஆம் ஆண்டு மாடலின் சிலிண்டரில் பின்பகுதியை அறுத்தெடுத்து, அவ்விடத்தில் தோட்டா நுழையும் வாயிலோடு கூடிய வளையத் தகட்டைப் பொருத்தினார்கள். குண்டை இடித்து இறக்கும் நெம்புகோலைக் கழற்றிவிட்டு, வெற்று உறையைத் தள்ளும் கம்பியை வைத்தார்கள். இத்துப்பாக்கியைக் கையில் எடுத்தால், நெம்புகோல் இருந்த துளையை அடைத்த இரும்புத் துண்டு தெரியும். ஒரு காப்புரிமையின் ஆயுட்காலம் அந்த அடைப்பில் பதிவாகியிருக்கிறது. இதைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள், ஏனெனில் அறுத்தது தொழிற்சாலை. அதே வேலையைத் தெருமுனைத் துப்பாக்கிக் கொல்லர் செய்திருந்தால் ஏன் கெடுதல் ஆக வேண்டும்?

வெப்லி மார்க் 6 இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 1915இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த இந்த .455 ரிவால்வர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக அமெரிக்கச் சந்தைக்கு மலிவாக வந்து குவிந்தன. துப்பாக்கி கிடைத்தது, தோட்டா கிடைக்கவில்லை. அங்கே எங்கும் கிடைத்தது .45 ஏசிபி. அதன் அடிப்பகுதியில் புடைத்த விளிம்பு கிடையாது. முதல் உலகப் போர்க்கால அமெரிக்க ரிவால்வர்களுக்காக உருவான, மூன்று தோட்டாக்களைக் கவ்வும் அரைவட்டத் தகடு அந்தக் குறையைத் தீர்த்தது. தகட்டின் தடிமனுக்கு இடம் வேண்டுமே என்று சிலிண்டரின் பின்முகத்தை இழைத்தார்கள். இழைத்த சிலிண்டரில் பழைய .455 தோட்டா பின்னால் தளர்ந்து நிற்கும். அதாவது இந்த வெட்டு துப்பாக்கியை அதன் பிறப்புத் தோட்டாவிலிருந்து பிரித்தது. புதிய தோட்டாவின் வெடியழுத்தமோ வெப்லிக்கு வகுத்த வரம்பைத் தாண்டுவது. பாதுகாப்பு நோக்கில் இது மோசமான மாற்றம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போர் உபரி எப்படிப் பொதுமக்கள் கைக்குப் போனது, அதை எந்தப் பற்றாக்குறை வடிவமைத்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் அரிது. அதே சந்தையில் .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவுக்கான விக்டரி மாடல் ரிவால்வர்களின் அறைகளை .38 ஸ்பெஷலுக்காக நீட்டினார்கள். அறையின் பின்பகுதி புதிய தோட்டாவைவிட அகலமானது என்பதால், சுட்ட பித்தளை உறைகள் புடைத்து வெளிவந்தன. அப்படிப் புடைத்த உறைகூட வரலாற்றாசிரியருக்குச் சான்றுதான்.

சான்று வாதத்துக்குக் கடினமான சோதனை ஃபிட்ஸ் ஸ்பெஷல். கோல்ட் நிறுவனத்தில் 1918இல் சேர்ந்த ஜான் ஹென்றி ஃபிட்ஜெரால்ட், ரிவால்வரின் குழலைக் குறுக்கி, சுத்தியலின் கொம்பை வெட்டி, கைப்பிடி முனையை உருட்டி, விசையைக் காக்கும் வளையத்தின் முன்பாதியையே அறுத்துவிட்டார். கையுறை போட்ட விரலும் தடையின்றி விசைக்குப் போக வேண்டும் என்பது காரணம். காற்சட்டைப் பைக்குள் திறந்து கிடக்கும் விசை ஆபத்து என்று அன்றே ஆட்சேபம் எழுந்தது, அது நியாயமானதும்கூட. இன்று சிக்கல் வேறு. இரும்பறுக்கும் வாளும் அரமும் உள்ள எவரும் சாதாரண கோல்ட்டை ஃபிட்ஸ் ஆக்கிவிடலாம். துப்பாக்கி அனுப்பிய பதிவேட்டைப் பார்த்து நிறுவனம் தரும் கடிதம் சிலவற்றை உறுதிசெய்யும், எல்லாவற்றையும் அல்ல. அப்போது வெட்டுமுனையையே படிக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் பையில் கிடந்த துப்பாக்கியின் வெட்டு விளிம்பு மழுங்கி, அங்குள்ள பூச்சும் கைப்பிடியின் பூச்சைப் போலவே தேய்ந்திருக்கும். அண்மையில் அறுத்ததில் அரத்தின் கோடுகள் நிற்கும், நீலம் மட்டும் புதிதாய் மின்னும். வெட்டுக்குப் பின் வந்த தேய்மானமே வெட்டின் வயதுக்குச் சாட்சி. பூச்சு முழுமையாக இருக்க வேண்டும் என்ற பழைய அளவுகோல் குறையாகக் கணக்கிடுவதும் அந்தத் தேய்மானத்தைத்தான்.

ஆகவே, இழைத்த வெப்லிக்கு முழுச் சிலிண்டர் தேடிப் பொருத்தி அதை ‘மீட்டெடுக்கும்’ இன்றைய பழக்கத்தை நான் ஏற்கவில்லை. வந்து சேரும் சிலிண்டர் வேறொரு துப்பாக்கியினுடையது, அதன் எண்ணும் வேறு. 1915ஐயும் அது திருப்பித் தராது, போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளையும் அழித்துவிடும். சுடுவதற்காக மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், இழைத்த சிலிண்டரைத் தூக்கியெறியாமல் அதே பெட்டியில் வைத்து, எப்போது கழற்றப்பட்டது என்ற குறிப்போடு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏலப் பட்டியல்களும் ‘மாற்றப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த உறுப்பில் எவ்வளவு வெட்டப்பட்டது, வெட்டின் மேல் தேய்மானம் உண்டா என்பதைப் படத்தோடு பதிவுசெய்ய வேண்டும்.