எழுதத் தெரியாமல் கதை சொன்ன அம்மா

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னதும், பத்தாவதோடு நின்ன நானா என்றுதான் தயங்கினேன். அப்புறம் வை.மு.கோதைநாயகி அம்மாள் நினைவுக்கு வந்தார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர்.

1901-ல் காஞ்சிபுரம் பக்கம் நீர்வளூரில் பிறந்தவர். அஞ்சு வயசு தாண்டினதும் கல்யாணம் பண்ணி, சென்னை திருவல்லிக்கேணிக்கு மருமகளாக அனுப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வாராம். வீட்டுக்காரர் பார்த்தசாரதி நாடகம் பார்க்கக் கூட்டிப் போனார். பார்த்தது பத்தாமல் தானே ஒரு நாடகம் கட்டினார். ஆனால் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக் கொடுத்தார். அப்படி வந்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம், 1924-ல் அச்சானது. அந்தப் பட்டம்மாளை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை. தீர்மான நோட்டு எழுதுகிற எனக்கு அவர்மேல்தான் முதலில் பாசம் வந்தது.

பிறகு தானே எழுதப் பழகினார் கோதைநாயகி. 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று, முப்பது வருசத்துக்கு மேல் நடத்தினார். மொத்தம் 115 நாவல். நம்ம வீட்டுப் பெரியவர்கள் பார்த்து அழுத ‘சித்தி’ படம் (1966) இவர் கதைதான். ஆனால் படம் வரும்போது அவர் இல்லை, 1960-லேயே காலமாகிவிட்டார்.

எழுத்தோடு நிற்கவில்லை. காந்தியைப் பார்த்த பிறகு பட்டையும் நகையையும் விட்டு, கதர் கட்டினார். நகைக்கடனுக்கு பேங்க் வாசலில் நிற்கிற நமக்குத்தான் தெரியும், நகையை விடுவது என்றால் என்னவென்று! மேடையில் பாடினார், பேசினார். கள்ளுக்கடை மறியலில் நின்று ஜெயிலுக்குப் போனார். அங்கேயும் சும்மா இல்லை, நாவல் எழுதினார். காந்தி இறந்த 1948-ல் மகாத்மாஜி சேவா சங்கம் தொடங்கி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாடுபட்டார். சமையல், குடும்பம் எல்லாம் இதற்கு நடுவில்தான். எப்போது தூங்கினாரோ!

நம்ம ஊர் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகக் கேட்ட மந்திரத்தை ராமானுஜர் ஊருக்கே சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். சொல்லுகிற வாய் ஒன்று இருந்தால் ஊருக்கே போய்ச் சேரும். சொல்லாதது அப்படியே போய்விடும்.

எங்க குழுவில் கைநாட்டு வைக்கிற பெரியம்மா ஒருத்தர் இருந்தார். மாசித் தெப்பத்துக்கு விளக்கு எடுக்கும்போது அவரே கட்டிப் பாடுவார், அத்தனை பெண்களும் நின்று கேட்போம். யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுப்பார். “எம்பாட்டை எழுதிக்கடி ஆத்தா” என்று ரெண்டு தடவை என்னிடம் கேட்டார். அடுத்த கூட்டத்தில் எழுதலாம் பெரியம்மா என்றேன். போன வருசம் போய்ச் சேர்ந்துவிட்டார். வரவு செலவு, வட்டி, அசல் எல்லாம் எழுதின நோட்டில் அவர் பாட்டு ஒன்றுகூட இல்லை.

ஞாபகத்தில் இருந்த நாலு அடியைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மிச்சம் தெரிந்தவர்கள் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்.